கிளவுஸ் சைஸ் கேட்டு கீப்பர்களுக்கு எழுதிய கடிதங்கள்

வெறும் கையெழுத்து கேட்டு எழுதியபோது பதில் போடாத கோல்கீப்பர்கள், கிளவுஸ் சைஸ் என்ன என்று கேட்டதும் பதில் போட ஆரம்பித்தார்கள். இந்த வருடம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் கீப்பர்கள் கையெழுத்துப் போட்ட அட்டைகள் என்னிடம் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அவை எப்படிச் சேர்ந்தன, எங்கெங்கே காசு வீணானது, அடுத்த தடவை எதை மாற்றப்போகிறேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குத் தபால் செலவாவது மிஞ்சும்.

எங்கள் ஊர் தூத்தூர் பக்கம். நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை வரிசையாக எட்டு கடற்கரை ஊர்கள். எந்த ஊரிலும் மீன் விலைக்கு அடுத்தபடி பேச்சு பந்தைப் பற்றித்தான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து வரைக்கும் போன பிறகு, சின்னப் பையன்கள் எல்லோருக்கும் இடது காலால் அடிக்கிற மிட்ஃபீல்டர் ஆக வேண்டும் என்று ஆசை. நான் விளையாடிய காலத்தில் போஸ்ட்டுக்கு நடுவே நின்றவன். உயரமும் இல்லை, வேகமும் இல்லை, ஆனால் மணலில் விழப் பயமில்லை. அதனால் கையெழுத்து சேர்ப்பது என்று முடிவு செய்ததும், கீப்பர்கள் மட்டும் போதும் என்று வரம்பு போட்டுக்கொண்டேன்.

இந்த வரம்புதான் நான் செய்த முதல் நல்ல காரியம். அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் தபாலில் கையெழுத்து வாங்குவதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். 'த்ரூ தி மெயில்' என்பதைச் சுருக்கி 'டி.டி.எம்.' என்று சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் நேராக நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சாக்குச் சாக்காகக் கடிதம் போகும், பிரிப்பதற்கே ஆள் வேண்டும். கீப்பர் கதை வேறு. ஒரு அணியில் இரண்டு மூன்று கீப்பர்கள் இருப்பார்கள், ஆடுவது ஒருவர். இரண்டாவது, மூன்றாவது கீப்பருக்கு யார் கடிதம் போடுகிறார்கள்? ஓய்வு பெற்ற கீப்பருக்கு யார் போடுகிறார்கள்?

எழுதுவதற்கு முன் ஒரு பட்டியல் போட்டேன். அதில் முதலில் எழுதிய பெயர் பீட்டர் தங்கராஜ். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கியவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். அவர் 2008-இலேயே காலமாகிவிட்டார். 1956, 1960 இரண்டு ஒலிம்பிக்கிலும் நம் அணியில் இருந்த பாலக்காட்டுக்காரர் நாராயணன் 2021-இல் போனார். 1970 உலகக் கோப்பையில் பெலேயின் தலையடியைத் தடுத்த கார்டன் பேங்க்ஸ் 2019-இல் போனார். பட்டியலின் மேல்பாதி இப்படியே அடிபட்டது. ஆகவே பெயர் எழுதியதும் முதல் வேலை, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது. ஒரு வீட்டுக்கு இறந்தவர் பெயரில் கையெழுத்து கேட்டுக் கடிதம் போனால், அதைப் பிரிக்கிறவர் அவருடைய மனைவியோ மகளோவாக இருக்கும்.

முதல் சுற்றில் அனுப்பியது வெள்ளை அட்டை. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் சாதாரண அட்டையை வெட்டி, ஒரு கடிதம், ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவர் எல்லாம் வைத்து அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. காரணம் கொஞ்ச நாள் கழித்துத்தான் விளங்கியது. நம் நாட்டில் பழைய பந்தாட்டக்காரர்கள் முக்கால்வாசிப்பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, வங்கி, போலீஸ், சுங்கத்துறை என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வெற்று அட்டையில் கையெழுத்துப் போட்டு முகம் தெரியாதவனுக்கு அனுப்பு என்றால் எந்த வங்கிக்காரர் அனுப்புவார்? மேலே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே.

அப்புறம்தான் கை வரைந்த அட்டை வந்தது. என் வலது கையை ஒரு தாளில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, மொபைலில் படம் எடுத்து, மார்த்தாண்டத்தில் ஒரு டிஜிட்டல் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். அட்டையின் அளவு 14-க்கு 9 செ.மீ. நம் தபால் அட்டை அளவு. இடது பக்கம் கை, எட்டு செ.மீ. உயரத்துக்குச் சுருக்கியது. வலது பக்கம் கையெழுத்துக்கு இடம். கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: கிளவுஸ் சைஸ், பக்கத்தில் ஒரு கோடு.

முதலில் அடித்த அட்டைகளில் கையின் கோடு நல்ல கறுப்பு. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஆள் கையெழுத்தைக் கைப் படத்தின் மேலேயே போட்டுவிட்டால் இரண்டும் கலந்து ஒன்றும் தெரியாது. நானே போட்டுப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. இரண்டாவது தடவை கோட்டை வெளிறிய சாம்பல் நிறத்துக்கு இறக்கச் சொன்னேன். பிரஸ்காரருக்குப் பிடிக்கவில்லை. "இது பிரிண்ட் விழாத மாதிரில்லா இருக்கு, சாரே" என்றார். எனக்கு வேண்டியது அதுதான்.

அட்டையின் தாளுக்குத்தான் அதிகம் அலைந்தேன். பளபளக்கும் ஆர்ட் கார்டில் மார்க்கர் நன்றாக நிற்கும், பால்பாயின்ட் வழுக்கும். மேட் லேமினேஷன் போட்டால் எந்தப் பேனாவும் காய நேரமாகும், கை பட்டால் இழுவும். லேமினேஷன் இல்லாத சொரசொரப்பான தாளில் பெர்மனன்ட் மார்க்கர் ஊறிப் படரும், பால்பாயின்ட் சுகமாக எழுதும். எந்தப் பேனாவுக்காகத் தாள் எடுப்பது? யோசித்தால் விடை எளிது. கடிதத்தைப் பிரிக்கிற நேரத்தில் அவர் கைக்கு எட்டுவது பால்பாயின்ட் பேனாதான். மார்க்கர் தேடி எழுந்து போகச் சொன்னால், அட்டை மேஜையிலேயே கிடந்துவிடும். அதனால் லேமினேஷன் இல்லாத 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டைதான் என்று வைத்துக்கொண்டேன். 13-க்கு 19 அங்குல ஷீட்டில் பத்து அட்டை விழும். எனக்கு ஒரு ஷீட் 30 ரூபாய் ஆனது, வெட்டுக்கூலி தனி. ஆக ஒரு அட்டை மூன்று ரூபாய்ச் சொச்சம்.

கிளவுஸ் சைஸ் ஏன் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கான கீப்பர் கிளவுஸ் பெரும்பாலும் 8 முதல் 11 வரை எண்ணில் வரும். கட்டை விரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, முழு எண்ணுக்கு ஏற்றி, அதோடு ஒன்று கூட்டினால் ஏறக்குறைய சைஸ் வந்துவிடும். எந்தக் கீப்பருக்கும் இந்த எண் மனப்பாடம். அவரிடம் யாரும் கேட்காத கேள்வி, பதில் சொல்ல ஒரு நொடி போதும். இன்னொரு லாபமும் உண்டு. அச்சடித்த கையெழுத்தும் மெஷின் போட்ட கையெழுத்தும் கிளவுஸ் சைஸ் சொல்லாது. கோட்டின் மேல் ஒரு எண் இருந்தால் யாரோ ஒரு மனிதர் பேனாவை எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அவர்தானா என்பது வேறு விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி கவர். நம் கடைகளில் கவரை அங்குலக் கணக்கில்தான் கேட்க வேண்டும். பதில் கவர் ஒன்பதுக்கு நாலு, வெளிக் கவர் பத்துக்கு நாலரை. பதில் கவரை மடிக்காமல் அப்படியே உள்ளே வைக்கலாம். முன்பு ஒரே அளவுக் கவரை மூன்றாக மடித்து வைத்தேன். மடித்த கவரில் அட்டையை நுழைத்தால் அட்டையும் அந்த மடிப்பிலேயே வளைந்துகொண்டு வரும்.

எடைதான் என்னைப் படுத்தியது. உள்நாட்டுக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய், அதன் பிறகு ஒவ்வொரு 20 கிராமுக்கும் 5 ரூபாய். ஸ்டாம்ப் குறைந்தால் குறைந்த தொகை இரட்டிப்பாக வாங்குகிறவர் தலையில் விழும். கையெழுத்து கேட்டு எழுதுகிறவன் அவரிடமே காசு பிடுங்கினால் எப்படி? எனக்குத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் பக்கத்தில் ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகிற வேலை. அங்கே இருக்கிற தராசு கிலோவுக்குக் கீழே பேசாது. ஒரு நகைக்கடையில் தெரிந்த பையனிடம் சொல்லி, அங்குள்ள தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன். அட்டை 3.8 கிராம். வளையாமல் இருக்கத் துணைக்கு வைக்கிற வெறும் அட்டை இன்னொரு 3.8. பாதி ஏ4 தாளில் கடிதம் 2.2. பதில் கவர் 4.3. வெளிக் கவர் 5.3. கூட்டினால் 19.4. மழையில் நனையாமலிருக்கக் கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற மாதிரி ஒரு மெல்லிய பாலித்தீன் உறையும் சேர்த்தால் 20.4. போச்சு.

எதை எடுப்பது? துணை அட்டையை எடுத்தால் மடங்கும், பாலித்தீனை எடுத்தால் நனையும். கடைசியில் தாளை எடுத்தேன். கடிதத்தைத் துணை அட்டையிலேயே எழுதிவிட்டேன். மொத்தம் 18.2 கிராம் ஆகிவிட்டது. மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுத்துக் கொஞ்சம் கனக்கும், அதற்கும் இடம் இருக்கிறது. கடிதத்தின் கடைசி வரியாக, 'இந்த அட்டையையும் உள்ளேயே வைத்துவிடுங்கள், மடங்காமல் இருக்கும்' என்று சேர்த்தேன்.

எடையைக் குறைக்கச் செய்த இந்த வேலை வேறொரு கதவைத் திறந்தது. என் கடிதம் என்னிடமே திரும்பி வருகிறது. அதன் பின்பக்கம் காலியாக இருக்கிறது. எழுதத் தோன்றியவர்கள் அதில் எழுதிவிடுகிறார்கள்.

கடிதத்தில் ஐந்தாறு வரிகளுக்கு மேல் போகவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்கரை ஊர், மணலில் கீப்பராக நின்றவன், கீப்பர்களின் கையெழுத்தும் கிளவுஸ் சைஸும் மட்டும் சேர்க்கிறேன், உங்களுடைய இன்ன ஆட்டம் எனக்கு நினைவிருக்கிறது, என் பெயருக்கு எழுதித் தந்தால் சந்தோஷம். அவ்வளவுதான், கையால் எழுதியது. பெயர் போட்டுக் கேட்பதற்குக் காரணம் உண்டு. யாருடைய பெயராவது எழுதிய கையெழுத்துக்கு விற்பனையில் மதிப்புக் குறைவு. இவன் விற்கப்போவதில்லை என்று அவருக்குப் புரியும். ஒன்றுக்கு மேல் அட்டை வைக்காததும் இதனால்தான். சிலர் சின்னப் பிள்ளை எழுதுவது போலவும், உடம்பு சரியில்லாதது போலவும் எழுதச் சொல்லி யோசனை தருவார்கள். அப்படி வாங்கிய அட்டையை எடுத்துப் பார்க்கவே எனக்குக் கூசும்.

முகவரி விஷயத்தில் எனக்கு ஒரு கண்டிப்பு. வீட்டு முகவரியைத் தோண்டி எடுப்பதில்லை. கிளப்பு, மாநிலச் சங்கம், அவர் பயிற்சி கொடுக்கும் அகாதமி, இவற்றின் முகவரிக்கு அவர் பெயரைப் போட்டுத்தான் அனுப்புவேன். ஸ்பீட் போஸ்ட் வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் போனால் அலைச்சல் அவருக்கு. சாதாரணத் தபால் பெட்டியில் கிடக்கும், அவர் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனிக்கு எழுதத் தோன்றியது ஆலிவர் கானால். 2002 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாங்கியவர், அதை வாங்கிய ஒரே கீப்பர். அவர் ஓய்வு பெறும் சமயத்தில் 2008 மே 27 அன்று பயர்ன் மியூனிக் அணியோடு கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கே வந்து மோகன் பகானுக்கு எதிராக ஆடினார். ஜெர்மன் கிளப்புகளில் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கையெழுத்து அட்டையை அச்சடித்து வைத்து, கேட்கிற ரசிகர்களுக்குத் தபாலில் அனுப்புகிற வழக்கம் பல காலமாக உண்டு. 'ஆட்டோகிராம்கார்ட்டே' என்று பெயர். கேட்பது அங்கே அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

சிக்கல் பதில் ஸ்டாம்ப்தான். இந்திய ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவரை ஜெர்மனியில் பெட்டியில் போட்டால் அது செல்லாது. நான் ஒட்டி அனுப்பியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பழைய காலத்தில் இதற்கு 'சர்வதேசப் பதில் கூப்பன்' என்று ஒன்று உண்டு. 1906-இல் ரோம் நகரில் நடந்த தபால் மாநாட்டில் முடிவானது. வாங்கி உள்ளே வைத்தால் அந்த நாட்டில் ஸ்டாம்பாக மாற்றிக்கொள்வார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் அதை விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டன. எனக்கு வழி காட்டியது மைனி, அதாவது அண்ணி. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பார். மைனி ஜெர்மனியில். அங்கே தபால் கட்டணத்தை இணையத்தில் கட்டினால், கட்டம் கட்டமான ஒரு குறியீட்டை பி.டி.எஃப். ஆகத் தருகிறார்கள். அதை நாமே அச்சடித்து ஒட்டினால் ஸ்டாம்ப். வெளிநாட்டுக்கு 20 கிராம் வரையான கடிதம் 2025 ஜனவரியிலிருந்து 1.25 யூரோ. மைனி வாங்கி வாட்ஸப்பில் அனுப்பினார். வீட்டிலிருந்த இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தேன். ஈரக் கை பட்டதும் குறியீடு கலங்கிவிட்டது, கலங்கினால் மெஷின் படிக்காது. பிறகு ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்டரில் எடுத்தேன்.

அந்த நாட்டு நிலையான கடித அளவு 23.5-க்கு 12.5 செ.மீ., கனம் அரை செ.மீ. வரை. நம் ஒன்பதுக்கு நாலு கவர் அதற்குள் அடங்கிவிடும். பதில் கவரில் என் முகவரியில் நாட்டின் பெயரை ஜெர்மனில் 'இண்டியன்' (Indien) என்று எழுதச் சொன்னதும் மைனிதான்.

இங்கிலாந்துக்குப் பழைய ஸ்டாம்ப் ஒன்று கைவசம் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர் எப்போதோ கொண்டுவந்த கட்டு. ராணியின் தலை மட்டும் உள்ள, பார்கோடு இல்லாத ஸ்டாம்புகள் 2023-க்குப் பிறகு அங்கே செல்லாது. படம் போட்ட சிறப்பு ஸ்டாம்புகள் செல்லும். கட்டில் இருந்தவை எல்லாம் ராணி. மாமாவிடம் சொல்லவில்லை.

எனக்கு ஓய்வு கிடைப்பது மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை போடும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஐஸ் பிளாண்டில் வேலை குறையும், கடிதம் எழுத நேரம் இருக்கும். அதே நேரத்தில்தான் இடவப்பாதி மழையும் ஊற்றும். பசை தடவிய கவர்கள் கட்டிலேயே தானாக ஒட்டிக்கொள்ளும். பதில் கவரை உள்ளே வைத்து அனுப்பினால், போய்ச் சேரும்போது அதன் வாய் மூடியிருக்கும். அவர் அதைக் கிழித்துத் திறந்தால் அப்புறம் எதில் போட்டு அனுப்புவார்? வாய்ப் பசைக்கு அடியில் பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் நூறு துண்டு வெட்ட யாரால் முடியும்? உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் பட்டை உள்ள கவர் கொஞ்சம் விலை கூடுதல். பதில் கவருக்கு மட்டும் அதை வாங்குகிறேன்.

பதில்கள் வரத் தொடங்கிய பிறகும் ஒரு குழப்பம். ஒரு கவர் தூத்துக்குடிக்குப் போய்விட்டு வந்தது. பெயர் தூத்தூர், என் எழுத்தில் 629 என்ற பின்கோடு பார்க்கிறவர் கண்ணுக்கு 628. இந்த மாவட்டம் முழுக்க 629-இல் தொடங்கும், தூத்துக்குடி 628. குற்றம் என் ஒன்பதில்தான், அதன் வால் உள்பக்கம் மடங்கிக்கொள்ளும். இப்போது பதில் முகவரியை அச்சடித்த ஸ்டிக்கராக ஒட்டுகிறேன். ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும் முகவரி போட்டிருக்கிறேன், கடைசியில் கையில் எடுக்கிறவர் நம் தபால்காரர் அண்ணன்தானே. ஜெர்மன் ஸ்டாம்ப் குறியீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "எடே, இது ஸ்டாம்ப்பா, கரண்ட் பில்லா?"

வந்தவற்றில் யார் யார் என்று பெயர் சொல்லப்போவதில்லை. பதில் போடுகிறவர் என்று ஒரு பெயர் வெளியே தெரிந்தால் அவருக்குக் கடிதம் குவியும், அதோடு அவர் நிறுத்திவிடுவார். விவரம் மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு இரண்டாம் கீப்பர் கிளப்பின் அட்டையை அனுப்பியதோடு, என் கை அட்டையில் 10 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கிளவுஸ் வரைந்திருந்தார். இன்னொரு கிளப்பிலிருந்து அச்சடித்த கையெழுத்து மட்டும் வந்தது, என் அட்டை வரவே இல்லை. நம் நாட்டில், இப்போது பயிற்சியாளராக இருக்கும் ஒருவர் 9 என்று எழுதி அடித்துவிட்டு 9½ என்று திருத்தியிருந்தார்.

எனக்கு அதிகம் பிடித்தது ஒரு பெரியவரின் அட்டை. கை நடுங்கும் வயது என்று எழுத்திலேயே தெரிகிறது. பெயரின் முதல் எழுத்து பெரிதாக ஏறி, மற்றவை வலப்பக்கம் சரிந்து இறங்குகின்றன. நீல பால்பாயின்ட் இரண்டு இடங்களில் மை விடாமல் திக்கியிருக்கிறது. அங்கே அழுத்தி மறுபடி எழுதியிருக்கிறார், அட்டையின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. கிளவுஸ் சைஸ் என்ற கோட்டில் எண் இல்லை. ஆங்கிலத்தில், வெறும் கை என்று எழுதியிருந்தார். அவர் காலத்து கீப்பர்கள் பலரும் அப்படித்தான். பெரிய கிளவுஸ் பழக்கமானது எழுபதுகளில், 1974-இல் கோப்பை வென்ற மேற்கு ஜெர்மனியின் செப் மையர் போன்றவர்கள் போட்ட பிறகு. என் கடித அட்டையின் பின்பக்கம் அவர் ஒரு கேள்வி எழுதியிருந்தார். உங்கள் ஊர்ப் பையன்கள் இப்போதும் மணலிலா டைவ் அடிக்கிறார்கள், அல்லது டர்ஃபுக்குப் போய்விட்டார்களா? பதில் எழுதினேன். திரும்ப ஸ்டாம்ப் வைக்கவில்லை, பதில் கேட்காத கடிதம் அது.

உண்மையான கையெழுத்தா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனைகள் கொஞ்சம்தான். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டுகிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன். அதை வைத்துப் பார்த்தால் அச்சுக் கையெழுத்து பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரியும், மை தொடர்ச்சியாக இருக்காது. பேனா மை அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் தனியாக மினுங்கும், இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடம் அடர்ந்து தெரியும். மெஷின் போட்ட கையெழுத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி புள்ளி விழும், அழுத்தம் ஏறி இறங்காது. இரண்டு பேருக்குப் போன கையெழுத்துகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் அச்சாகப் பொருந்தும். மனிதன் இரண்டு தடவை ஒரே மாதிரி போடமாட்டான். செயலாளரோ வீட்டாரோ போட்டுக்கொடுத்திருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். கையெழுத்தின் கையும் எண்ணின் கையும் ஒன்றுதானா என்று மட்டும் பார்க்கிறேன்.

சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கடலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி வீடு வைத்திருக்கிறவனுக்கு அதற்கு அப்புறம்தான் வேலை. முதலில் போட்டோ ஆல்பத்தில் வைத்தேன். பளபளப்பான பி.வி.சி. உறை, மழைக்காலத்தில் அட்டையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் மை உறையோடு வந்தது. அந்த வகை பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கிற பொருள் மையை இளக்கிவிடும். இப்போது பாலிபுரொப்பிலீன் உறைகள்தான், வாங்கும்போது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பீரோவில் பாச்சா உருண்டை போட்டிருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும்.

பலகாரம் வைக்கிற காற்றுப் புகாத டப்பா ஒன்று, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மூடி போடுவதற்கு முன் அறையில் 80-க்கு மேல் காட்டியது, டப்பாவுக்குள் 50-க்குக் கீழே இறங்கியது. 40-லிருந்து 50-க்குள் நின்றால் போதும். நிறம் மாறும் சிலிகா ஜெல் வாங்கினால், ஈரம் நிறைந்ததும் தெரியும். அடுப்பில் பழைய சட்டியை வைத்து மிதமான சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும், மறுபடி போடலாம். சமையலுக்கு எடுக்காத சட்டியாக இருக்க வேண்டும், வீட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுவரில் மாட்டுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன், வெயில் படும் இடத்தில் பால்பாயின்ட் மை வெளுத்துவிடும். பார்க்க வருகிறவர்களுக்கு ஸ்கேன் எடுத்த படம்தான்.

செலவைப் பார்த்தால், உள்நாட்டில் ஒரு கடிதத்துக்கு அட்டைகள், கவர்கள், உறை, இரண்டு ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்து இருபது ரூபாய் அளவில் வரும். ஜெர்மனிக்கு அதைப்போலப் பல மடங்கு, பதில் ஸ்டாம்ப் மட்டுமே நூறு ரூபாயைத் தாண்டுகிறது. மைனி காசு வாங்க மறுக்கிறார். பதிலுக்கு இங்கிருந்து ஏத்தங்காய் சிப்ஸ் போகிறது, அதன் தபால் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த சுற்றில் வெளிநாட்டைக் குறைக்கப்போகிறேன். பெண்கள் அணி கீப்பர்களுக்கு எழுத வேண்டும். 2015-இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் ஆடிய அதிதி சவுகான் பெயர் பட்டியலில் முதலாவது. 2016-இல் நார்வேயின் ஸ்டாபெக் அணிக்காக யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் இறங்கிய குர்பிரீத் சிங் சந்துவுக்கு அவருடைய கிளப்பு முகவரியில் எழுத வேண்டும். எங்கள் எட்டு ஊர்களில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி வரைக்கும் போன பழைய கீப்பர்களையும் தேடுகிறேன். அவர்களுக்குத் தபால் தேவையில்லை, நடந்தே போகலாம். ஆனாலும் அதே அட்டை, அதே கேள்வி.

கை அட்டையில் ஒரு வரி கூடுகிறது, கிளவுஸ் சைஸுக்குக் கீழே 'முதல் மைதானம்' என்று. பெரியவர் கேட்ட கேள்வியால் வந்த யோசனை. மூலைகளையும் வட்டமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன், கூர்மூலை எல்லாம் மடங்கியே வருகிறது. வட்டமாக வெட்ட பிரஸ்காரர் அட்டைக்கு 50 காசு கூடுதலாகக் கேட்கிறார். பேசிக்கொண்டிருக்கிறேன்.